ஆமைகளும் அட்டவணைகளும்: நெட்லோகோவையும் ஆர் மொழியையும் வகுப்பறையில் இணைத்தல்

(கணியம்பாடி ஒன்றிய ஆசிரியர்களுக்கான பயிற்சியில் கணித முதுகலை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் ஒரே அரங்கில் அமர்ந்திருக்கிறீர்கள். தலைப்பில் இரண்டு மென்பொருள்களின் பெயரைப் பார்த்ததும் "இது பதினொன்று, பன்னிரண்டு வகுப்புக்காரர்கள் சமாச்சாரம்" என்று சிலர் நினைத்திருக்கலாம். அப்படி இல்லை. இன்று நான் சொல்லப்போவதில் பாதியைப் புளியங்கொட்டையை வைத்து மூன்றாம் வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். மீதிப் பாதிக்குத்தான் கணினி வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு.

223 வீடுகள், 86 நோயாளிகள்

ஆண்டர்சன் கிரே மெக்கென்ட்ரிக் என்பவர் ஸ்காட்லாந்து மருத்துவர். இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து இங்கே வேலை பார்த்தவர். கசௌலியில் அப்போது இருந்த பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றியவர். 1927-இல் கெர்மாக் என்பவருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரையில்தான், கொரோனாக் காலத்தில் நாம் தினமும் கேள்விப்பட்ட தொற்றுப் பரவல் சமன்பாடுகளின் மூலவடிவம் இருக்கிறது. அந்தச் சமன்பாட்டை அவர்கள் பொருத்திப் பார்த்தது பம்பாயில் 1905-06-இல் பரவிய பிளேக் நோயின் புள்ளிவிவரத்தோடு.

அதற்கு ஓராண்டு முன்பு, 1926-இல், அவர் இன்னொரு கட்டுரை வெளியிட்டார். அதில் ஓர் இந்தியக் கிராமத்தில் வந்த காலராவின் கணக்கு இருக்கிறது. கரும்பலகையில் எழுதுகிறேன்.

நோயாளி யாருமில்லாத வீடுகள் – 168
ஒருவர் மட்டும் நோயுற்ற வீடுகள் – 32
இருவர் நோயுற்ற வீடுகள் – 16
மூவர் நோயுற்ற வீடுகள் – 6
நால்வர் நோயுற்ற வீடு – 1

மொத்தம் 223 வீடுகள், 86 நோயாளிகள். கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

இந்த அட்டவணையை வைத்துக்கொண்டு என்ன கேள்வி கேட்கலாம்? "காலரா ஊர் முழுக்க ஒரே மாதிரி பரவியதா, அல்லது ஊரின் ஒரு பகுதியை மட்டும் தாக்கியதா?" பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதமும் புள்ளியியலும் பாடத்தில் பாய்சான் பரவல் இருக்கிறது. 86 நோயாளிகள் 223 வீடுகளில் தற்செயலாக விழுந்திருந்தால், அந்தப் பரவலின்படி நோயில்லா வீடுகள் சுமார் 152 இருக்க வேண்டும். ஒருவர் நோயுற்ற வீடுகள் 58 அளவுக்கு. இருவர் நோயுற்றவை 11. மூவர் நோயுற்றது ஒன்றோ இரண்டோ. நடந்தது அப்படி இல்லை. தப்பித்த வீடுகளும் கூடுதல், இரண்டு மூன்று பேர் படுத்த வீடுகளும் கூடுதல். இடையில் உள்ள 'ஒருவர்' வரிசை 58 இருக்க வேண்டிய இடத்தில் 32-ஆகக் குறைந்துவிட்டது.

மெக்கென்ட்ரிக் இப்படி யோசித்தார். அந்த 168 வீடுகளில் சில, நோய்க்கு ஆளாகும் நிலையில் இருந்தும் அதிர்ஷ்டத்தால் தப்பியவை. மற்றவற்றுக்கு நோய் வர வழியே இருந்திருக்காது. இரண்டையும் பிரிக்க வேண்டும். 'பூஜ்யம்' என்ற வரியை ஒதுக்கிவிட்டு மற்ற வரிகளை மட்டும் வைத்துக் கணக்கிட்டார். பாய்சான் பரவலுக்கு ஓர் அழகான பண்பு உண்டு. ஒவ்வொரு வீட்டின் நோயாளி எண்ணிக்கையையும் அதைவிட ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கி, எல்லா வீடுகளுக்கும் கூட்டினால், அந்தத் தொகையை மொத்த நோயாளிகளால் வகுக்கும்போது சராசரி கிடைத்துவிடும். பூஜ்ய வீடுகள் எத்தனை என்று தெரியவே வேண்டாம்.

செய்து பார்ப்போம். ஒருவர் உள்ள வீடு: ஒன்றைப் பூஜ்யத்தால் பெருக்க, பூஜ்யம். இருவர் உள்ளவை: 16 × 2 = 32. மூவர்: 6 × 6 = 36. நால்வர்: 1 × 12 = 12. கூட்டினால் 80. 80-ஐ 86-ஆல் வகுத்தால் 0.93. இதுதான் நோய்க்கு ஆளாகும் நிலையில் இருந்த வீடு ஒன்றுக்குச் சராசரி நோயாளி. அப்படியானால் அத்தகைய வீடுகள் எத்தனை? 86-ஐ அந்தச் சராசரியால் வகுக்க 92.45. மெக்கென்ட்ரிக் 93 என்று எடுத்துக்கொண்டார்.

இந்த எண்ணை வைத்து மறுபடியும் பாய்சான் அட்டவணை போட்டால், ஒருவர் நோயுற்ற வீடுகள் சுமார் 34, இருவர் 16, மூவர் 5, நால்வர் 1 என்று வருகிறது. உண்மைக் கணக்கு 32, 16, 6, 1. எவ்வளவு நெருக்கம் பாருங்கள்.

அவர் எழுதியது இதுதான்: இந்த நோய் தண்ணீர் வழியாக வந்திருக்கலாம், ஊரில் பல கிணறுகள் இருந்திருக்கும், அவற்றுள் கெட்டுப்போன ஒரு கிணற்றின் நீரை 93 வீட்டார் குடித்திருப்பார்கள். பிறகு ஊரில் போய் விசாரித்தபோது, மக்களில் ஒரு பகுதியினர் குடித்த ஒரு கிணறு மாசுபட்டிருந்தது தெரியவந்தது.

கிணற்றைக் கண்ணால் பார்க்காமலே, ஐந்து வரி அட்டவணையிலிருந்து ஒரு கிணறு இருப்பதைக் கணக்கு சொன்னது. நம் பாலாற்றுப் படுகையில் இது வெறும் பாடப்புத்தகச் சங்கதி அல்ல. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று தோல் தொழில் வாழ வைத்த இதே ஊர்களில்தான் கிணற்று நீரின் கேடு உச்ச நீதிமன்றம் வரை போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் வந்த தீர்ப்பு, "மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்" என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலருடைய அப்பா டேனரியில் வேலை பார்க்கிறார், அம்மா ஷூ கம்பெனிக்குப் போகிறார். "எந்தக் கிணற்றுத் தண்ணீரை யார் குடிக்கிறார்கள்?" என்பது அவர்கள் வீட்டுக் கேள்வி.

அந்தக் கேள்விக்குக் கணக்கின் வழியாகப் பதில் தேட இரண்டு கருவிகள் வேண்டும். நடப்பதைப் போலச் செய்து காட்டும் கருவி ஒன்று. நடந்ததை எண்ணிப் பார்க்கும் கருவி இன்னொன்று.

புளியங்கொட்டைப் பாவனை

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்காக முதலில் கணினி இல்லாமல் சொல்கிறேன். தரையில் சாக்பீஸால் பத்துக்குப் பத்து, நூறு கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு வீடு. 0 முதல் 9 வரை எழுதிய சீட்டுகளை ஒரு டப்பாவில் போடுங்கள். ஒரு குழந்தை முதலில் எடுக்கும் சீட்டு வரிசை, அதைத் திரும்பப் போட்டுவிட்டு இரண்டாவது எடுக்கும் சீட்டு நிரல். அந்தக் கட்டத்தில் ஒரு புளியங்கொட்டை வைக்க வேண்டும். இப்படி நூறு கொட்டைகள்.

வைப்பதற்கு முன் கேளுங்கள்: "நூறு வீடு, நூறு கொட்டை. எத்தனை வீடு காலியாக இருக்கும்?" பெரும்பாலான குழந்தைகள் "ஒன்றுமே காலியாக இருக்காது" என்பார்கள், சிலர் "பத்து" என்பார்கள். வைத்து முடித்தால் முப்பத்தேழை ஒட்டிய எண்ணிக்கையில் காலி வீடுகள் நிற்கும். ஒரு வகுப்பில் 33 வரும், அடுத்த வகுப்பில் 40 வரும். தற்செயல் என்பது எல்லோருக்கும் சமமாகப் பங்கு வைப்பதில்லை என்பதைப் பிள்ளைகள் கையால் தெரிந்துகொள்கிறார்கள்.

இங்கேயே முக்கியமான கேள்வி எழுகிறது. 33 சரியா, 40 சரியா? இரண்டும் சரிதான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானை முழுக்க ஒரே சீராக வெந்திருந்தால்தான் அது பொருந்தும். தற்செயல் கலந்த பாவனையில் ஒரு சோற்றை எடுத்துப் பதம் சொல்ல முடியாது. நூறு முறை, ஆயிரம் முறை செய்து, எல்லா முடிவுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் கணினி.

ஆமை நகர்த்தும் மென்பொருள், எண்ணிப் பார்க்கும் மொழி

நெட்லோகோ என்பது அமெரிக்காவில் யூரி விலென்ஸ்கி 1999-இல் உருவாக்கிய இலவச மென்பொருள். 1967-இல் சீமோர் பேப்பர்ட்டும் அவருடைய தோழர்களும் குழந்தைகளுக்காக உருவாக்கிய லோகோ மொழியின் வழித்தோன்றல். அதனால்தான் இதிலும் திரையில் நகர்பவற்றுக்குப் பெயர் 'ஆமை'. ஆமை மனிதனாக இருக்கலாம், வீடாக இருக்கலாம், கொசுவாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதி கொடுக்கலாம்: பக்கத்தில் நோயாளி இருந்தால் இத்தனை சதவீத வாய்ப்பில் நோய் தொற்றும், இத்தனை நாளில் குணமாகும் என்பது போல. பொத்தானை அழுத்தினால் எல்லா ஆமைகளும் தத்தம் விதிப்படி நடக்கும். ஊர் மொத்தத்துக்கும் என்ன ஆகிறது என்பது திரையில் விரியும். இதைத்தான் முகவர் சார்ந்த மாதிரி என்கிறோம். பத்தாம் வகுப்பு அறிவியலில் ஸ்கிராட்ச் கற்ற மாணவருக்கு இது அந்நியமாக இருக்காது.

ஆர் மொழி நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரு புள்ளியியல் ஆசிரியர்கள் தொண்ணூறுகளில் தொடங்கியது. தங்கள் மாணவர்களுக்குப் பாடம் நடத்தத்தான் தொடங்கினார்கள். இருவரின் பெயரும் அந்த எழுத்தில் தொடங்குவதால் மொழிக்கும் அதே பெயர். இதுவும் இலவசம். சராசரி, பரவல், வரைபடம், ஒப்பீடு எல்லாம் இதற்குக் கைவந்த கலை.

நெட்லோகோவுக்குக் கூட்டவும் சராசரி காணவும் தெரியும். சிறு வரைபடமும் போடும். ஆனால் ஆயிரம் ஓட்டங்களை அடுக்கி வைத்து, எது உண்மைக் கணக்குக்கு நெருக்கம் என்று சொல்வது அதன் வேலை அல்ல. ஆர் மொழிக்கு அது எளிது. ஆனால் ஊரையும் கிணற்றையும் மனிதர்களையும் திரையில் நடமாட விடுவது அதன் இயல்பு அல்ல. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் சி++ நிரலைப் பைத்தானுக்குள் கொண்டுவரும் பாடம் நடத்துகிறோம் அல்லவா? அதே எண்ணம்தான்.

இணைக்க மூன்று வழிகள்

முதல் வழி, கோப்பு வழி. நெட்லோகோவுக்குள்ளேயே 'பிஹேவியர்ஸ்பேஸ்' என்ற வசதி இருக்கிறது. எந்த மதிப்பை எதிலிருந்து எதுவரை மாற்ற வேண்டும், ஒவ்வொன்றையும் எத்தனை முறை ஓட்ட வேண்டும், எதை அளக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் அதுவே ஓட்டி, முடிவுகளை சிஎஸ்வி கோப்பாகச் சேமிக்கும். அந்தக் கோப்பை ஆர் மொழியில் திறந்தால் போதும். ஒன்றை நினைவில் வையுங்கள்: அட்டவணை வடிவக் கோப்பின் தலைப்பில் ஆறு வரிகள் மாதிரியின் பெயர், தேதி முதலிய விவரங்கள். அவற்றைத் தாண்டிப் படிக்கும்படி ஆர் மொழிக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிழை காட்டும். பிள்ளைகள் தாங்கள்தான் தப்பு செய்துவிட்டோம் என்று பயந்துபோவார்கள்.

இரண்டாம் வழி, நெட்லோகோவுக்குள் இருந்தே ஆர் மொழியைக் கூப்பிடுவது. ஜெர்மனியைச் சேர்ந்த யான் தீலே, ஃபோல்கர் கிரிம் இருவரும் 2010-இல் இதற்கான நீட்சியை வெளியிட்டார்கள். மாதிரி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆமைகளின் விவரத்தை ஆர் மொழிக்கு அனுப்பி, கணக்கிட்ட விடையைத் திரும்ப வாங்கி, அந்த விடைப்படி ஆமைகளை நடத்தலாம்.

மூன்றாம் வழி, ஆர் மொழியிலிருந்து நெட்லோகோவை ஓட்டுவது. தீலே உருவாக்கிய 'ஆர்நெட்லோகோ' தொகுப்பும், 2019-இல் வெளியான 'என்எல்ஆர்எக்ஸ்' தொகுப்பும் இதற்கானவை. இங்கே ஆர் மொழி ஓட்டுநர், நெட்லோகோ வண்டி. திரையே திறக்காமல் பின்னணியில் ஆயிரக்கணக்கான ஓட்டங்களை நடத்தலாம்.

இரண்டாம், மூன்றாம் வழிகளில் நெட்லோகோ, ஆர், ஜாவா ஆகியவற்றின் பதிப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ஒரு பாடவேளை முழுக்க நிறுவுவதிலேயே போய்விடும். அதனால் பள்ளிக்கு நான் பரிந்துரைப்பது முதல் வழியைத்தான். மாணவர் அந்தக் கோப்பைத் திறந்து, ஒவ்வொரு வரியும் ஓர் ஓட்டம் என்று கண்ணால் பார்க்கிறார். இணைப்பு எப்படி நடக்கிறது என்பதில் மறைவு ஏதும் இல்லை. கல்லூரிக்குப் போனபின் மற்ற இரண்டையும் கற்றுக்கொள்ளட்டும்.

காலராக் கிராமத்தைத் திரையில் கட்டுதல்

இப்போது மெக்கென்ட்ரிக் கணக்குக்கு வருவோம். நெட்லோகோவில் 223 வீடுகள். அவற்றில் சில வீடுகள் மட்டும் கெட்ட கிணற்றைச் சேர்ந்தவை. எத்தனை என்பதை நகர்த்தும் பட்டை ஒன்றில் வையுங்கள். 86 நோயாளிகளை அந்த வீடுகளில் தற்செயலாக விழ விடுங்கள். பிறகு எண்ணுங்கள்: பூஜ்யம் எத்தனை, ஒன்று எத்தனை, இரண்டு எத்தனை.

பிஹேவியர்ஸ்பேஸில், கிணற்று வீடுகளின் எண்ணிக்கையை 60, 70, 80 என்று 140 வரை மாற்றி, ஒவ்வொன்றையும் நூறு முறை ஓட்டச் சொல்லுங்கள். ஒன்பது மதிப்புகள், 900 ஓட்டங்கள். கோப்பை ஆர் மொழியில் திறந்து, ஒவ்வொரு ஓட்டத்தின் அட்டவணையும் உண்மை அட்டவணையிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று கணக்கிடுங்கள். வித்தியாசங்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் போதும். ஒவ்வொரு மதிப்புக்கும் சராசரி விலகலை வரைபடமாகப் போட்டால் பள்ளத்தாக்கு போன்ற ஒரு வளைகோடு கிடைக்கும். பள்ளத்தின் அடி 90-ஐ ஒட்டி இருக்கும். 1926-இல் பேனாவால் கிடைத்த 93-ஐ, சமன்பாடே தெரியாத ஒரு மாணவர் பாவனை வழியாகக் கண்டுபிடிக்கிறார். அதன் பிறகு சமன்பாட்டைக் கற்பித்துப் பாருங்கள். "இது எதற்கு ஐயா?" என்ற கேள்வி வராது.

ஒரு சிறு ஒழுங்கு: ஓட்டத்துக்கு முன் தற்செயல் எண்களின் 'விதை எண்' ஒன்றைக் கொடுத்து, அதைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். அதே விதை போட்டால் அதே விளைச்சல். ஒருவர் கண்ட முடிவை இன்னொருவர் சரிபார்க்க முடிந்தால்தான் அது அறிவியல்.

கணக்கு எங்கே நிற்க வேண்டும்?

மிக முக்கியமான பகுதி இதுதான். மேல்நிலை ஆசிரியர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

மாணவர்களிடம் இன்னொரு மாதிரி கட்டச் சொல்லுங்கள். இதில் கிணறே கிடையாது. ஊரில் யாருக்கு வேண்டுமானாலும் நோய் வரலாம். ஆனால் ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால் அதே வீட்டில் அடுத்தவருக்கு வரும் வாய்ப்பு அதிகம். ஓட்டிப் பாருங்கள். இதிலும் தப்பிய வீடுகள் எதிர்பார்த்ததைவிடக் கூடும். இரண்டு, மூன்று பேர் படுத்த வீடுகளும் கூடும். கிணறு இல்லாமலே கிட்டத்தட்ட அதே தோற்றமுள்ள அட்டவணை!

ஆக, அட்டவணை பொருந்திவிட்டது என்பதால் கிணறுதான் காரணம் என்று முடிவு கட்ட முடியாது. எதை வைத்துப் பிரிப்பது? இடத்தையும் நாளையும் வைத்து. கெட்ட கிணறு என்றால் நோயுள்ள வீடுகள் ஊரின் ஒரு பக்கமாகத் திரண்டு நிற்கும். பலர் ஏறக்குறைய ஒரே சமயத்தில் படுப்பார்கள். வீட்டுக்குள் தொற்றுவது என்றால் வீடுகள் சிதறிக் கிடக்கும். ஒரே வீட்டில் ஒருவருக்குப் பின் ஒருவராகச் சில நாள் இடைவெளியில் படுப்பார்கள். 1854-இல் லண்டனில் ஜான் ஸ்னோ தெருவரைபடத்தில் காலரா மரணங்களைக் குறித்துப் பார்த்ததும் இதற்காகத்தான். மெக்கென்ட்ரிக்கின் கணக்கும் கிணற்றை நிரூபித்துவிடவில்லை; எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று சொன்னது. போய்ப் பார்த்தது மனிதர்கள்.

2020-இல் இந்திய அறிவியல் கழகமும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் பெங்களூரு, மும்பை நகரங்களுக்கு முகவர் சார்ந்த கொரோனா மாதிரிகளை உருவாக்கின. வீடு, பள்ளி, பணியிடம் எல்லாம் அதில் இருந்தன. அத்தனை பெரிய மாதிரிக்கும் அடிப்படை ஒன்றுதான்: யாரோ களத்தில் நேர்மையாக எண்ணித் தந்த எண்கள். இதை நம் ஒன்றியத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலத்துறை பல பத்தாண்டுகளாகக் கணியம்பாடி ஒன்றியத்தின் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று பிறப்பு, இறப்பு, நோய் விவரங்களைப் பதிந்து வருகிறது. நாட்டின் பொதுச் சுகாதார ஆய்வுகளில் கணியம்பாடியின் பெயர் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் அந்தப் பதிவேடுகள்தாம். நோட்டும் பேனாவுமாக வெயிலில் நடந்த சுகாதாரப் பணியாளர்களின் உழைப்பு அது. கணினியில் கோடு அழகாக வந்துவிட்டால், கோட்டுக்குப் பின்னால் இருக்கும் இந்தக் கால்களை நம் மாணவர்கள் மறந்துவிடக் கூடாது.

நாளை பள்ளியில் என்ன செய்யலாம்?

ஒன்று முதல் ஐந்து வரை: புளியங்கொட்டை விளையாட்டு. காலிக் கட்டங்களை எண்ணித் தேதியோடு சுவரில் எழுதி வையுங்கள். பத்து நாள் எண்களைச் சேர்த்துப் பார்த்தால் அதுவே அவர்களுடைய முதல் புள்ளியியல் பாடம்.

ஆறு முதல் எட்டு வரை: ஊரின் தண்ணீர் வரைபடம். எந்தத் தெருவுக்கு எந்த மேல்நிலைத் தொட்டி, எங்கே கைப்பம்பு, எங்கே திறந்த கிணறு, யார் கேன் தண்ணீர் வாங்குகிறார்கள். நாகநதிப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள், நூறு நாள் வேலையில் தங்கள் அம்மாக்கள் அமைத்த மீள்நிரப்புக் கிணறுகளையும் குறிக்கட்டும்.

ஒன்பது, பத்து: உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் நெட்லோகோவோடு வரும் மாதிரி நூலகத்தைத் திறந்து, ஓநாயும் ஆடும், காட்டுத் தீ, நோய்ப் பரவல் மாதிரிகளை ஓட்டிப் பார்த்து, ஒரே அமைப்பை இருபது முறை ஓட்டி முடிவுகளைக் குறிக்கட்டும்.

பதினொன்று, பன்னிரண்டு: காலராக் கிராமத்தைக் கட்டி, கோப்பாக்கி, ஆர் மொழியில் அந்தப் பள்ளத்தாக்கைக் கண்டுபிடிக்கட்டும். கணித ஆசிரியரும் கணினி ஆசிரியரும் விலங்கியல் ஆசிரியரும் சேர்ந்து நடத்தக்கூடிய பாடம் இது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பிள்ளைகளை வைத்து ஊரில் கணக்கெடுக்கும்போது எண்ணிக்கை மட்டும் போதும். யாருக்கு என்ன நோய் என்று பெயர் போட்டு எழுத வேண்டாம். "அந்தத் தெருத் தண்ணீர் கெட்டது" என்ற ஒரு வாக்கியம் நம் ஊர்களில் என்னென்ன அர்த்தம் கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியும். ஏதாவது சந்தேகம் தோன்றினால் தலைமையாசிரியர் வழியாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஊராட்சிக்கும் தெரிவியுங்கள். தண்ணீரைச் சோதிப்பது அவர்கள் பொறுப்பு. கேள்வி கேட்கக் கற்றுக்கொடுப்பது நம் பொறுப்பு.

நம் பிள்ளைகளில் பலர் அவர்கள் குடும்பத்தில் முதன்முதலாக மேல்நிலைப் பள்ளிக்கு வந்தவர்கள். "தண்ணீர் சரியில்லை" என்று அவர்கள் வீட்டில் எத்தனையோ முறை சொல்லியிருப்பார்கள். அந்தப் பேச்சை எண்ணாக, வரைபடமாக, மற்றவர் சரிபார்க்கக்கூடிய கணக்காக மாற்றத் தெரிந்த ஒரு மாணவியின் குரலை யாரும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அந்த வலிமையை அவளுக்குக் கொடுக்கத் தேவையான இரண்டு மென்பொருள்களும் இலவசம். புளியங்கொட்டையும் இலவசம். நேரம் ஒதுக்க வேண்டியவர்கள் மட்டும் நாம்.

இப்போது சாக்பீஸை எடுங்கள், கட்டம் போடலாம்.